மெய்க்தீலா பக்கத்துத் தரிசில் நாட்டு மரங்களை எப்படி நிலைக்க வைப்பது?

பர்மாவின் மண்டலேயிலிருந்து ஒரு தம்பி விவரமாக எழுதிக் கேட்டிருந்தார். மெய்க்தீலாவுக்குத் தெற்கே நம் தமிழர் கோயிலுக்குச் சொந்தமான நாலு ஏக்கர் தரிசு. போன வருஷம் முதல் மழை விழுந்ததும் அறுநூறு கன்று வாங்கி, எல்லோரும் கூடி ஒரே நாளில் நட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் தைல மரம், கொஞ்சம் தூங்குமூஞ்சி. இந்தப் பங்குனியில் எண்ணினால் இருபதுகூட மிஞ்சவில்லை. இந்த முறை நாட்டு மரங்களாக வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. எதை வைப்பது, எப்படி வைப்பது, அங்கே மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை ஜேசிபி விட்டு வழித்துவிடலாமா, மியாவாக்கி முறை சரிப்படுமா, கமிட்டியில் சிலர் வருமானம் தரும் மரம் வேண்டும் என்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது. இவ்வளவுதான் கேள்வி. படங்களும் அனுப்பியிருந்தார்.

தம்பி, முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கன்று வாங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்களோ அதில் பாதிக்கு மேல் எடுத்து, மூன்று வருஷத்துக்கு ஒரு காவலாள் சம்பளமாக வைத்துவிடுங்கள். மிச்சத்தில் வாங்க முடிகிற கன்று போதும். கமிட்டியில் இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு வரும். கன்று நட்டால் போட்டோ எடுக்கலாம், ஆடு விரட்டுகிறவனை யார் போட்டோ எடுப்பார்கள்? ஆனாலும் இந்த வறண்ட பகுதியில் பிழைத்துக் கிடக்கும் தோப்பு எதை எடுத்துப் பார்த்தாலும் பின்னால் ஒரு காவலாள் இருந்திருப்பான்.

காரணம் உங்கள் படங்களிலேயே இருக்கிறது. மூன்றாவது படத்தில், செம்மண் மேட்டில் முழங்காலுக்குக் கீழே பாய் விரித்த மாதிரி ஒரு முட்புதர் படர்ந்திருக்கிறதே, அது புதர் இல்லை. வெள்வேல மரம். பர்மியர் தனௌங் என்பார்கள். வெட்டி வெட்டி எடுத்த அடிக்கட்டையிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் துளிர்க்கிறது, துளிர்த்ததை ஆடு கடிக்கிறது, மறுபடி துளிர்க்கிறது. மேலே இரண்டடி உயரம், கீழே பல வருஷத்து வேர். அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்ன இலையோடு நிற்பது கருங்காலி. காசுக்கட்டி எடுக்கிற மரம், பர்மியில் ஷா. வெள்ளைக்காரன் காலத்தில் இதன் வைரத்தைச் சீவி, காய்ச்சி, கட்டியாக்கிக் கப்பல் கப்பலாக ஏற்றியதில் இந்தப் பகுதிக் கருங்காலி ஏராளமாகப் போனது. அதன் அடிக்கட்டைகள் இன்னும் உயிரோடு கிடக்கின்றன. புதிதாக வாங்கும் கன்றுக்கு இப்படி ஒரு வேர் உண்டாகப் பத்து வருஷம் ஆகும். அதனால் உங்கள் நாலு ஏக்கரைக் காலி நிலம் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

அரசாங்கம் 1994-இல் இந்த வறண்ட பகுதியின் ஒன்பது மாவட்டங்களுக்குப் பசுமைத் திட்டம் போட்டு, 1997-இல் வறண்ட மண்டலப் பசுமையாக்கத் துறை என்று தனித் துறையே அமைத்தது. அந்தத் துறைக்குக் கொடுத்த வேலை நாலு: தோப்பு நடுவது, மிச்சமிருக்கும் இயற்கைக் காட்டைக் காப்பது, விறகுக்கு மாற்று தேடுவது, நீர்வளம் பெருக்குவது. நாலில் ஒன்றுதான் நடுவது. ஜனங்கள் கண்ணில் பட்டதும் அந்த ஒன்றுதான், அதிலும் ரோட்டோரத்துத் தைல மரம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். நடுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை, முடிந்தால் ஆடு மேய்க்கிறவரையே, கூட்டிக்கொண்டு போங்கள். உயிரோடு இருக்கிற ஒவ்வொரு கட்டைக்கும், தானாக முளைத்த ஒவ்வொரு நாற்றுக்கும் பக்கத்தில் சுண்ணாம்பு தடவிய குச்சி ஒன்றை நடுங்கள். வெள்வேல், கருங்காலி, இலந்தை, வேம்பு, தான் மரம், டஹத் எல்லாம் அகப்படும். தான் என்பது நம் கடுக்காய், தான்றி வகையைச் சேர்ந்தது. டஹத் தேக்குக்கு உறவு, ஆனால் குட்டையாக, முறுக்கிக்கொண்டு வளரும். இந்த இரண்டும் இந்த நாட்டுக்கே உரிய மரங்கள். தமிழ்நாட்டு நர்சரியில் தேடினாலும் கிடைக்காது, உங்கள் நிலத்தில் இலவசமாகக் கிடக்கிறது.

குறித்த கட்டைகளுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் எளிது. மார்கழி, தை மாதத்தில், மரம் உறங்குகிற சமயத்தில், கட்டையின் உச்சியில் வந்த துளிர்களை விட்டுவிட்டு மண்ணை ஒட்டி அடியிலிருந்து வந்த துளிர்களில் திடமான இரண்டை நிறுத்துங்கள். மற்றதைக் கூரான கத்தியால் சாய்வாக, ஒரே வெட்டில் எடுங்கள். உச்சியில் வரும் துளிர் பெரிதானதும் காற்றுக்குப் பிய்ந்து விழும், அடியிலிருந்து வருவது தனக்கென்று வேர் விட்டுக்கொள்ளும். அடுத்த வருஷம் இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாம். பழைய வேர் ஊட்டுவதால் ஆடு மட்டும் வாய் வைக்காவிட்டால் இரண்டு மழைக்குள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு வந்துவிடும். எந்தக் கன்றும் இந்த வேகத்தில் வராது.

ஆடு என்றதும் கம்பிவேலி விலையை விசாரிக்கப் போவீர்கள். வேண்டாம். கம்பி திருட்டுப் போகும். சுற்றிலும் நிற்கிற சீமைக்கருவேல முள்ளை வெட்டி முதலில் முள்வேலி போடுங்கள். அதை ஒட்டி உள்பக்கம் கள்ளியும் ஒதியம்போத்தும் நட்டால் முள் மக்குவதற்குள் உயிர்வேலி நின்றுவிடும். ஒதியனைக் கை பருமன் போத்தாக ஐந்தடிக்கு வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, மழைக்கு முன்னால் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். வேலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேய்க்கிறவர்களோடு பேசாமல் அது நிற்காது. அவர்கள் காலங்காலமாக அந்த வழியாகத்தான் குளத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ஓரமாக ஒரு வழியை விட்டுவிடுங்கள். உள்ளே வளர்கிற புல்லை அறுத்துக்கொண்டு போகலாம், அவிழ்த்து விடக்கூடாது என்று ஒப்பந்தம் பேசுங்கள். இந்தப் பேச்சைக் கமிட்டி ஆட்கள் போய்ப் பேசுவதைவிட ஊர்ப் பௌத்த மடத்துத் தலைமைப் பிக்குவான சயாடோ முன்னிலையில் பேசுவது நல்லது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு இருக்கிற மதிப்பு வேறு. நம் கோயில் நிலமாயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். பழைய பெரிய மரங்கள் இந்தப் பகுதியில் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்: மடத்து வளாகத்தில், பகோடாவைச் சுற்றி, நாத் என்கிற காவல் தெய்வத்தின் மாடத்துக்குப் பக்கத்தில். மரத்தைக் காக்கிற வழக்கம் அவர்களுக்குப் புதிதில்லை, நமக்கும் புதிதில்லை.

அடுத்து விறகு. இதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அன்னதானத்துக்கும் தீமிதிக்கும் கோயிலுக்கு விறகு எங்கிருந்து வருகிறது? வண்டியில் வந்து இறங்குகிற அந்த விறகு இதே மாதிரி இன்னொரு தரிசின் வெள்வேலக் கட்டைதான். நிலத்தின் ஒரு ஓரத்தில் அரை ஏக்கரை விறகுக்கென்றே ஒதுக்கி மெஸலி வையுங்கள். மஞ்சள் கொன்றை என்று நாம் சொல்வது. இந்த மண்ணின் மரம், வெட்ட வெட்டத் துளிர்க்கும், விறகு நன்றாக எரியும். தஸௌங்மோன் மாதப் பௌர்ணமிக்கு ஊர்க்காரர்கள் இதன் மொட்டைத் தேடி அலைவார்கள், சாலட் செய்து சாப்பிட. அதனால் அதை வெட்டி எறியவும் மாட்டார்கள். கோயில் தன் விறகைத் தானே வளர்த்துக்கொண்டால், உள்ளே வந்து கிளை ஒடிக்காதே என்று ஊரைப் பார்த்துச் சொல்லவும் வாய் வரும்.

இப்போது போன வருஷத்துக் கன்றுகள் ஏன் செத்தன என்பதற்கு வருகிறேன். செத்த கன்றில் நாலைந்தைப் பிடுங்கிப் பாருங்கள். இழுத்ததும் சுலபமாக வந்துவிடும். வேரைக் கவனியுங்கள்: பிளாஸ்டிக் பை எந்த வடிவத்தில் இருந்ததோ அதே வடிவத்தில் மண் உருண்டை அப்படியே இருக்கும், அடியில் வேர் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். சிலதில் பையே கழற்றாமல் இருக்கும். அதாவது நட்ட நாளிலிருந்து செத்த நாள்வரை அந்த வேர் பைக்கு வெளியே ஒரு சாண்கூடப் போகவில்லை. பக்கத்தில் ஒரு முழ ஆழத்தில் ஈரம் இருந்திருக்கும், கன்றுக்கு அது எட்டவே இல்லை. ரோட்டோர நர்சரியில் நாலடி உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கிற கன்றைக் கண்டு மயங்கக் கூடாது. நிழலிலும் தினசரித் தண்ணீரிலும் வளர்ந்தது அது. வறண்ட நிலத்துக்கு முழங்கால் உயரம், அடித்தண்டு பென்சில் பருமன், இலை கொஞ்சம் வெளிறி முறுக்கேறிய கன்றுதான் வேண்டும். நடுவதற்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே நிழல்வலையை எடுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பைகளை இடம் மாற்றி மாற்றி வைத்து அடியில் தரைக்குள் இறங்கிய வேரை அறுத்துப் பழக்க வேண்டும். நடும்போது பையைக் கிழித்து எடுத்து, அடியில் சுருண்ட வேரைக் கத்தியால் ஒரு விரல் கனத்துக்குச் சீவிவிட்டு நட வேண்டும்.

இரண்டாவது காரணம் நாள். இங்கே பலரும் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்து நடுகிறார்கள். அங்கே பல மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். நம் வறண்ட மண்டலத்தில் ஐப்பசியோடு கணக்கு முடிந்துவிடும். அரக்கான் மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மழையை மறித்துவிடுவதால் கரையோரத்தில் கொட்டுவதில் ஒரு சிறு பங்குதான் இங்கே வருகிறது, வருஷத்துக்கு 500 முதல் 1,000 மில்லிமீட்டர். அதுவும் சீராக வராது. வைகாசியில் ஆரம்பித்து ஒரு மாதம் பெய்து நம்பிக்கை கொடுக்கும், ஆனிக் கடைசியிலிருந்து ஆடிவரை காய்ந்த காற்று அடித்து மழை நின்றுவிடும், ஆவணி, புரட்டாசியில் திரும்ப வந்து நன்றாகப் பெய்யும். முதல் மழையில் நட்ட இளங்கன்று அந்த ஆடி வறட்சியில் பாதி செத்துவிடும். மீதி சித்திரை வெயிலில். அந்த வெயில் சாதாரணமானதும் இல்லை. 2024 ஏப்ரல் 28 அன்று மக்வே பக்கம் சௌக் ஊரில் 48.2 பாகை பதிவானது.

என் யோசனை இது. விதையாகப் போடுவதை முதல் மழையோடு போடுங்கள், பைக்கன்றை ஆடி வறட்சி முடிந்து இரண்டாவது மழை பிடித்ததும் நடுங்கள். விதைக்கு வறட்சி வந்தால் மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும், முளைத்ததும் வேரை நேராகக் கீழே விடும். கன்று அப்படிக் காத்திருக்காது. ஆவணியில் நட்டால் வளர்வதற்கு இரண்டரை மாதம்தான் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் கெட்டிப்படுத்திய கன்றுக்கு அது போதும், அந்த இரண்டரை மாதமும் ஈரம் தொடர்ந்து இருக்கும். நட வேண்டிய நாளை நாள்காட்டியில் குறித்து வைக்காதீர்கள். குழிக்குப் பக்கத்தில் கடப்பாரையை இறக்கிப் பார்த்து, முழங்கை ஆழத்துக்கு மண் நனைந்திருந்தால் நடலாம். இல்லையென்றால், விருந்தாளிகளுக்கு அழைப்பு போயிருந்தாலும் சரி, விழாவை மட்டும் நடத்திவிட்டுக் கன்றை நிழலிலேயே வைத்திருங்கள்.

தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் எத்தனை கன்று நடுவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கார்த்திகையிலிருந்து சித்திரைவரை முதல் கோடையைத் தாண்ட ஒரு கன்றுக்குப் பதினைந்து இருபது நாளைக்கு ஒரு தடவை ஆறு லிட்டராவது ஆழமாக ஊற வேண்டும். இருநூறு கன்று என்றால் ஒரு சுற்றுக்கு 1,200 லிட்டர். டிராக்டர் தொட்டியிலோ மாட்டுவண்டிப் பீப்பாயிலோ சமாளிக்கலாம். அறுநூறு கன்றுக்கு 3,600. இரண்டாவது மாதமே கைவிட்டுவிடுவீர்கள், அல்லது கன்றுக்கு ஒரு செம்பு ஊற்றிப் பேருக்குச் செய்வீர்கள். மேலாக ஊற்றும் தண்ணீர் வேரையும் மேலாக்கிவிடும், அதற்கு ஊற்றாமலே இருக்கலாம். அதனால் முதல் வருஷம் இருநூறுக்கு மேல் வேண்டாம். ஆனால் இதையும் பாருங்கள்: ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். உங்கள் நாலு ஏக்கரில் நாலு லட்சம். ஒரே ஒரு அங்குலம் உங்கள் வண்டித் தண்ணீரில் முந்நூறு சுற்றுக்கு மேல் வருகிறது. அது இப்போது அரை மணி நேரத்தில் ஓடையில் இறங்கி, மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. ஆக, முதல் வேலை அந்த ஓட்டத்தை நிறுத்துவது.

அதற்கு மிஷின் வேண்டாம். மூன்று மூங்கிலை ஏணிக்கால் மாதிரி இரண்டு சாய்த்து, ஒன்றைக் குறுக்கே வைத்துக் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சமதளத்தில் வைத்து நூல் குறுக்குமூங்கிலில் எங்கே படுகிறதோ அங்கே ஒரு கீறல். இரண்டு காலையும் இடம் மாற்றி வைத்து இன்னொரு கீறல், இரண்டுக்கும் நடுவில் ஒரு அடையாளம். இனி நிலத்தில் ஒரு காலை ஊன்றி, நூல் நடு அடையாளத்தில் நிற்கும்வரை மற்றக் காலை நகர்த்திக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு காலையில் நாலு ஏக்கருக்கும் கோடு போட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டில் பிறை வடிவத்தில், ஆறு ஏழடி அகலத்துக்கு, முனைகள் மேட்டைப் பார்த்தபடி ஓரடி உயரக் கரை போடுங்கள். ஒரு வரிசைப் பிறைகளின் இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசையில் பிறை வரட்டும். ஓடை அரித்த இடத்தில் கல்லை அடுக்கிச் சின்னச் சின்னத் தடுப்பு வையுங்கள், மேலிருந்து ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். தடுப்பின் நடு, ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு போகும். கல் பொறுக்கும்போது மரம் மாதிரியே ரேகையோடு கல் கிடைத்தால் அது கல்மரம்தான், ஐராவதிப் பள்ளத்தாக்கின் பழைய மணற்பாறையில் நிறைய உண்டு. அதைத் தடுப்பில் போடாமல் கோயில் வாசலில் வைத்துவிடுங்கள்.

குழி மாசி, பங்குனியிலேயே வெட்டிவிட வேண்டும், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அடியில் கெட்டிப் படலம் தட்டுப்பட்டால் கடப்பாரையால் உடையுங்கள். மேல்மண் தனி, அடிமண் தனி. நடும்போது மேல்மண்ணும் மக்கிய சாணமும் வேர்ப்பக்கம் போகட்டும். கன்று பிறையின் அடிவயிற்றில், தண்ணீர் தேங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நட்டபின் சுற்றி இரண்டடிக்குப் புல் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் கன்றின் முதல் எதிரி வெயில் இல்லை, பக்கத்துப் புல். வெட்டிய புல்லையும் எள்ளுத்தட்டை, கடலைக்கொடி போன்றதையும் மூடாக்காகப் போடலாம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் கரையான் தட்டையைத் தின்றுவிட்டுத் தண்டுக்கும் வரும். கரையான் அதிகமுள்ள மேட்டில் கல்லையே மூடாக்காக அடுக்குங்கள்.

கன்றின் தென்மேற்குப் பக்கம் நாலு துவரை விதை ஊன்றிவிடுங்கள். இங்கே எல்லா வயலிலும் இருக்கிற செடிதான். பிற்பகல் வெயிலுக்குக் குடை பிடிக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும், காவலாளுக்குப் பருப்பும் ஆகும். கோடைத் தண்ணீருக்கு விரிசல் விட்ட மண்பானைகள் மலிவாகக் கிடைத்தால் கன்றுக்கு ஒன்றாகப் புதைத்து, ஓட்டையில் துணித்திரி செருகி, மூடி போட்டு விடலாம். ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் நடந்த முதல் போரை முடித்த 1826 உடன்படிக்கையால் பெயர் தெரிந்த யந்தபோ கிராமம் இன்றைக்கும் பானை செய்கிற ஊர்தான். ஐராவதிக் கரையிலிருந்து வண்டி வரும்போது சொல்லி வையுங்கள்.

எந்த மரம் என்ற கேள்விக்கு ஒரே பட்டியல் கொடுத்தால் தவறாகப் போகும், உங்கள் நாலு ஏக்கருக்குள்ளேயே மூன்று வகை மண் தெரிகிறது. சரளை மேட்டில் கட்டைகளைக் காப்பதோடு கருங்காலி விதையும், பெண்கள் முகத்துக்கு அரைத்துப் பூசுகிற தனக்கா மரத்தின் விதையும் போதும், கன்று நட்டுச் சிரமப்பட வேண்டாம். நடுவில் இருக்கிற மணல் கலந்த செம்மண்தான் நடுவதற்கு ஏற்ற இடம்: வேம்பு, வெள்வேல், வாகை, சரக்கொன்றை, விளா, இலந்தை. கீழ்க்கோடியில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் வேம்பு திணறும். அங்கே பலாசு வையுங்கள், பர்மியில் பௌக். ஈரத்தையும் தாங்கும், வெடிப்பையும் தாங்கும், வேரிலிருந்தே புதுக் கன்று விடும். ஓடைக்கரையில் கல்மூங்கில். வெள்ளையாக உப்புப் பூத்த அந்தச் சின்னத் திட்டில் இப்போதைக்கு எதையும் நடாமல் புல் வர விடுங்கள். பனை வேண்டுமென்றால் கொட்டையாகத்தான் ஊன்ற வேண்டும். பிடுங்கி நட்டால் வராது, முதலில் கீழே போய்விட்டுத்தான் மேலே வரும். மரத்துக்கு மரம் பன்னிரண்டு பதினைந்து அடி இருக்கட்டும். நெருக்கி வைத்தால் நாலாம் வருஷம் ஒன்றின் தண்ணீரை இன்னொன்று பிடுங்கும். வரிசை பிடித்து நட வேண்டியதில்லை. பிறைகளில் பத்துப் பன்னிரண்டு மரமாகத் திட்டுத் திட்டாக நட்டால் போதும். திட்டுக்குப் பறவை வரும், பறவை மிச்ச இடத்துக்கு விதை கொண்டுவரும்.

சீமைக்கருவேலத்துக்கு ஜேசிபி வேண்டவே வேண்டாம். அது முள்ளை மட்டும் வழிக்காது. மேல்மண்ணையும், நான் மேலே சொன்ன அடிக்கட்டைகள் அத்தனையையும் சேர்த்து வழித்துவிடும். வெறுந்தரையில் முதலில் முளைப்பதும் சீமைக்கருவேலம்தான், விதை ஆட்டுப் புழுக்கையிலேயே இருக்கிறது. வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்காக எடுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் பத்தாகத் துளிர்க்கும், ஓரடி தோண்டி வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டினால்தான் சாகும். விறகும் கரியும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் ஊரில் அந்த வேலைக்குக் கூலி கேட்காமலே ஆள் வருவார்கள். மிச்சம் நிற்பதன் நிழலில் வேம்பு முளைத்தால் அதைத் தொடாதீர்கள், மேலே நிற்பதை மட்டும் அடுத்த வருஷம் எடுங்கள்.

மியாவாக்கியைப் பற்றி: ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கன்று வீதம் நெருக்கி நடுவது, மண்ணை ஆழமாகக் கிளறி எருவைக் கொட்டி, இரண்டு மூன்று வருஷம் விடாமல் தண்ணீர் விடுவது. கோயில் கிணற்றுக்குப் பக்கத்தில் கால் ஏக்கரில் ஆசைக்குச் செய்யலாம். நாலு ஏக்கருக்குச் செய்தால் கிணறு வற்றிவிடும்.

வருமானம் கேட்கிறவர்களுக்கு மகோகனி, செஞ்சந்தனம் என்று யாரோ ஆசை காட்டியிருப்பார்கள். செஞ்சந்தனம் ஆந்திராவின் கிழக்குத் தொடர்ச்சி மலை மரம், இங்கே அதற்கு வேலையில்லை. தேக்கு வேண்டுமென்றால் பெகு யோமா மலைப் பக்கம் போக வேண்டும், இந்த மண்ணில் நட்டால் கோணல்மாணலாகத்தான் நிற்கும். இந்தப் பகுதியின் விலைமதிப்புள்ள மரம் தனக்கா. ஷ்வேபோ தனக்கா, ஷின்மதௌங் தனக்கா என்று நம் வீட்டுப் பெண்களே பேர் சொல்லி வாங்குகிறார்கள். நல்ல கட்டைக்கு 35 வருஷமாவது ஆக வேண்டும் என்பது பழைய கணக்கு, இப்போது அதற்கு முன்பே வெட்டி விற்கிறார்கள். சரளை மேட்டில் இருநூறு முந்நூறு விதை போட்டு வைத்தால் பேரன் காலத்து டிரஸ்டிகளுக்கு ஆகும். அதற்கு முன்னால் இலந்தைப்பழம், மெஸலி மொட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால், வேலி போட்ட முதல் வருஷத்திலேயே, அறுத்து விற்கப் புல். காவலாள் சம்பளத்தில் ஒரு பகுதியை அதுவே கொடுத்துவிடும். அந்தப் புல்லை மாசிக்குள் அறுத்துவிடவும் வேண்டும், நின்றால் பங்குனியில் யாரோ போடுகிற பீடிக்கு நிலம் முழுக்க எரியும். சுற்றிலும் பத்தடிக்குச் சுத்தமாகச் செதுக்கி வையுங்கள். பூக்குழி அன்றைக்குக் காவலாளைப் பந்தல் வேலைக்கு அழைக்காதீர்கள், அவன் நிலத்தில் இருக்கட்டும்.

பக்கத்தில் வனத்துறைப் புறம்போக்கு இருந்தால் ஊர்க்காரர்களோடு சேர்ந்து சமூகக் காட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். 1995 விதிமுறையிலிருந்தே முப்பது வருஷக் குத்தகை உண்டு. ஆனால் இப்போதைய நிலவரத்தில் அவசரப்படாமல், கையிலிருக்கிற நாலு ஏக்கரை முதலில் பாருங்கள்.

விதை விஷயம்தான் அவசரம். வெள்வேல நெற்று இந்தக் கோடையிலேயே முற்றும், ஆடு தின்பதற்குள் பறிக்க வேண்டும். ஓரிரு மரத்தோடு நிறுத்தாமல், தள்ளித் தள்ளி நிற்கிற பதினைந்து இருபது மரத்திலிருந்து எடுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிடுங்கள், அதெல்லாம் வண்டு குடைந்தது. மூழ்கியதை, கொதித்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில் இரவு முழுக்க ஊற வைத்தால் தோல் இளகும். வேப்பம் விதை நேர் எதிர். பழுத்து விழுந்ததைச் சதை கழுவி நிழலில் உலர்த்தி இரண்டு வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும், டப்பாவில் மூடி வைத்தால் உயிர் போய்விடும். கருங்காலிக் காய் குளிர்காலத்தில் மரத்திலேயே வெடித்துச் சிதறும், அதை அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் ஊறினால் போதும். நாற்றங்கால் மண்ணில் தாய்மரத்தடி மண்ணைக் கூடைக்கு ஒரு கை சேர்த்துக்கொள்ளுங்கள், வேருக்குத் துணையான பூஞ்சையும் நுண்ணுயிரும் அதில் இருக்கும்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை: கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? அந்தப் பக்கம் பல கிணறு உப்பு. மாடு அதைக் குடிக்கிறதா, குடித்தபின் தொட்டி ஓரத்தில் வெள்ளை படிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். உப்பென்றால் பானைத் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும், குளத்திலிருந்து வண்டி விடுகிற செலவையும் சேர்த்துத்தான் கன்று எண்ணிக்கையை முடிவு செய்ய முடியும்.